தம்பி செய்யாத குற்றம்

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்று எங்கள் பாட்டி அடிக்கடி கூறுவார். அந்தப் பழமொழி எனக்காகவே பிறந்தது என்பதைச் சென்ற ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் கண்டுகொண்டேன். அந்தக் கதையைக் கேளுங்கள், தோழியரே!

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. சென்னையில் வேலை பார்க்கும் மாமா, தமக்குப் புதியது வாங்கியபோது பழையதை எங்களுக்குக் கொடுத்தார். அதைச் செய்த நிறுவனம் மிகப் பெரியது. கருவியும் அதனுடையதே, உள்ளே ஓடும் மென்பொருளும் அதனுடையதே, இணையத்தைப் பார்க்க உதவும் பிரவுசரும் அதனுடையதே! இப்படி மூன்றையும் செய்யும் நிறுவனங்கள் இன்று ஒன்றுக்கு மேல் உள்ளன. பெயர் சொல்லிக் குறை கூறுவது அழகன்று. ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன்.

அந்த மடிக்கணினியின் சார்ஜர் தனி மாதிரி. வேறு எந்த சார்ஜரும் அதில் பொருந்தாது. ஒருமுறை அது பழுதானபோது அப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். “இதுக்குக் கம்பெனி சார்ஜர்தான் வேணும் சார்” என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு அப்பா வெறுங்கையுடன் திரும்பினார். இரண்டு மாதம் கம்ப்யூட்டர் அலமாரியில் தூங்கியது. பேட்டரியோ உள்ளேயே ஒட்டப்பட்டது. நாமாகக் கழற்றி மாற்ற முடியாது. கரண்டு போனால் எங்கள் கம்ப்யூட்டரும் உடனே கண்ணை மூடிவிடும்.

அவசரமாக ஏதாவது எழுத உட்கார்ந்தால் போதும், “அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்” என்று திரையில் வந்துவிடும். அம்மா இரண்டு ஈடு இட்லி அவித்து இறக்கிவிடுவார். அது நூற்றுக்கு முப்பதிலேயே நிற்கும்!

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் பாதி நிரப்பிச் சேமித்து வைத்திருந்தேன். மறுநாள் இரவு 12 மணியோடு கெடு முடிகிறது. நான் எழுந்த பிறகு, நான்காம் வகுப்புப் படிக்கும் என் தம்பி சிறிது நேரம் கார் பந்தயம் விளையாடினான். காலையில் திறந்து பார்த்தேன். ஐயோ! நான் குறித்து வைத்திருந்த பக்கங்களைக் காணோம். விண்ணப்பப் பக்கம் என்னை யாரென்றே தெரியாததுபோல் பாஸ்வேர்டு கேட்டது. அதுவும் எனக்கு நினைவில்லை. பிரவுசர்தான் நினைவில் வைத்திருந்தது.

“நீதானே எல்லாவற்றையும் அழித்தாய்?” என்று கத்தினேன். “நான் ஒண்ணும் செய்யலை அக்கா” என்றான். நான் கேட்கவில்லை. முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவன் சாப்பிடாமலே பள்ளிக்குப் போய்விட்டான். அவனுடைய டிபன் பாக்ஸ் மேசை மேலேயே இருந்தது.

மாலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அக்காவிடம் ஓடினேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது நீ நேத்து வேலை செஞ்ச பிரவுசர் இல்லைம்மா. ராத்திரி அப்டேட் ஆகியிருக்கு. இப்போ எதைத் தொட்டாலும் கம்பெனியோட பிரவுசர்தான் திறக்குது. உன்னோடது பத்திரமா இருக்கு, பாரு” என்று பழைய பிரவுசரைத் திறந்து காட்டினார். நான் நிரப்பியது எல்லாம் அப்படியே இருந்தது!

ஒவ்வொரு பிரவுசரும் நம் பாஸ்வேர்டுகளையும் குறித்த பக்கங்களையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்குமாம். ஒரு டீச்சரின் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர் அடுத்த வகுப்பு டீச்சரின் பதிவேட்டில் இருக்குமா? அதைப் போலத்தான்.

மறுநாள் இதை எங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியையிடம் சொன்னேன். பிரவுசருக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு என்றார். 1989-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் உலகளாவிய வலைக்கான திட்டத்தை எழுதினார். 1990-இல் முதல் பிரவுசரையும் அவரே செய்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை உலகத்தார் எவரும் காசின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. எந்த நாட்டவரும் எந்தக் கருவியிலும் படிக்கலாம் என்பதே அதன் நோக்கம். பிறகு நிறுவனங்களுக்குள் போட்டி வந்தது. தன் விண்டோஸோடு பிரவுசரையும் சேர்த்துக் கட்டிப் போட்டியாளரை நசுக்குகிறது என்று 1998-இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2010 முதல் ஐரோப்பாவில், எந்தப் பிரவுசர் வேண்டும் என்று மக்களையே கேட்கும் திரையை அந்நிறுவனம் காட்ட வேண்டியதாயிற்று. அந்த வழக்குக்குக் காரணமான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றுவிட்டது.

“அப்டேட் தேவைதான், திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பது அதுவே. ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றக் கூடாது, இல்லையா?” என்றார் ஆசிரியை.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. கேட்காமல் செய்தது கம்ப்யூட்டர் மட்டுமா? நானும்தானே! தம்பி சொன்னதைக் கேட்காமலே தீர்ப்பு எழுதியவள் நான். நிறுவனத்தின் மீது வந்த கோபத்தை, எதிர்த்துப் பேச முடியாத சிறுவன் முதுகில் இறக்கிவிட்டேன்.

விண்ணப்பத்தை அனுப்பிய அன்றிரவே தம்பியிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆசிரியை பேசிய அன்று மாலைதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “என் மேல்தான் தப்பு. மன்னித்துவிடு” என்றேன். அவன் சற்று யோசித்தான். “அப்போ கம்ப்யூட்டரை மட்டும் ஏன் அக்கா அடிக்கலை?” என்று கேட்டான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

இப்போது என் பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறேன். எந்தப் பிரவுசர் திறந்திருக்கிறது என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன். கம்ப்யூட்டர் இன்னும் முப்பதில் நிற்கத்தான் செய்கிறது. அது நகரும் வரை தம்பியும் நானும் பல்லாங்குழி ஆடுகிறோம். பெரும்பாலும் அவனே ஜெயிக்கிறான்.