கிட்டி வைக்கிற கை

டெக்சாஸிலிருந்து எங்கள் டீமில் வேலை பார்க்கும் ஒருவர் கயோட்டி வேட்டைக்காரர். கயோட்டி நம்ம ஊர் நரிக்குப் பங்காளி. புதிதாக வேட்டைக்கு வருகிறவன் என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒருநாள் மீட்டிங் தொடங்கக் காத்திருந்த நேரத்தில் சொல்லிக்கொண்டே போனார். துப்பாக்கி, அதன் மேல் மாட்டத் தொலைநோக்கி, முக்காலி, புல்லோடு புல்லாகத் தெரிகிற உடுப்பு, அடிபட்ட முயல் மாதிரி கத்துகிற எலெக்ட்ரானிக் பெட்டி. எவ்வளவு சிக்கனம் பார்த்தாலும் ஆயிரம் டாலர் போய்விடுமாம். கடைசியில் அவரே பாதியை வெட்டினார். பெட்டியெல்லாம் அப்புறம், வாயால் ஊதுகிற ஊதல் ஒன்று போதும்; காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காரத் தெரியாதவனுக்கு எதை வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை என்றார்.

உங்கள் ஊரில் என்ன வேட்டை என்று கேட்டார். எலி என்றேன். சிரித்தார். சம்பா பொதி கட்டுகிற நேரத்தில் எலி புகுந்த வயலை அவர் பார்த்திருக்க மாட்டார்.

பாபநாசம் பக்கம் எங்களுக்குப் பத்து மா நிலம். மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம். உள்ளே இறங்கினால் நடுவில் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். தூரைக் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாகக் கடித்துப் போட்டிருக்கும். எலி ஓரத்தில் ஆரம்பிப்பதில்லை. பருந்தும் மனிதனும் பார்க்காத நடுவயல்தான் அதற்கு வசதி. கதிர் பிடித்த பிறகு வந்தால் கதிரை வளைக்கு இழுத்துப்போய்ச் சேமிக்கும். அறுப்பு முடிந்து வளையை வெட்டினால் கிலோக்கணக்கில் நெல் எடுக்கலாம். எடுத்துச் சாப்பிட்டவர்கள் டெல்டாவில் நிறையப் பேர் உண்டு, எலிக்கறியோடு சேர்த்து.

இதற்கு எங்கள் பக்கத்து ஆயுதம் கிட்டி. தஞ்சாவூர் கிட்டி என்றே வேளாண்மைத் துறைக்காரர்களும் சொல்கிறார்கள். மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, நாண் கட்டி, ஒரு குச்சியில் தட்டி நிறுத்தியிருப்பார்கள். இரைக்காக எலி தலையை நீட்டிக் குச்சியைத் தொட்டதும் வில் நிமிர்ந்து நாண் கழுத்தை இறுக்கும். சத்தம்கூடப் பெரிதாக வராது. பேட்டரி இல்லை, இரும்பு இல்லை. நான் எழுதுகிற எந்தப் புரோகிராமும் இவ்வளவு குறைந்த பாகங்களில் ஓடாது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பச்சை மூங்கிலில் செய்ததை வாங்காதீர்கள்; இரண்டு இரவு வளைத்து வைத்தாலே துவண்டுவிடும். வளைத்து விட்டால் ‘டப்’பென்று பழைய இடத்துக்கு வரவேண்டும். நூல் கயிறு மார்கழிப் பனியில் ஊறிப்போகும், நைலான் தேவலாம். இருபது முப்பது கிட்டி வாங்கினாலும் ஒரு நடுத்தர செல்போன் விலை வராது. ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். எங்களுக்குக் கிட்டி வைக்கிறவரிடம் எது நல்ல கிட்டி என்று கேட்டபோது, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, எங்க வைக்கிறோம்கிறதுதான்" என்றார்.

ஒரு சாயங்காலம் அவர் பின்னால் வரப்பில் நடந்தேன். முதல் நாள் அவர் கிட்டியே எடுத்துவரவில்லை. வரப்பிலிருந்த பொந்துகளையெல்லாம் சேற்றால் அடைத்துக்கொண்டே போனார். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. வாசலில் புதுமண் பொடியாகக் கிடக்கிறதா, புழுக்கை ஈரமாக இருக்கிறதா, பயிருக்குள் எந்த வழியாகப் போய்வந்திருக்கிறது என்று பார்த்தார். எனக்கு எல்லாமே புல்லாகத்தான் தெரிந்தது. "இந்தா பாருங்க, ரோடு போட்டு வச்சிருக்கான்" என்று அவர் விரலால் காட்டிய பிறகு அந்த ஒற்றையடிப் பாதையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் இருட்டுவதற்கு முன் வைத்தார். விடிவதற்கு முன் எடுத்தார். நிலாக் காலத்தில் எலி வெளியே வர யோசிக்கும் என்பது அவர் கணக்கு. கூலி எலிக்கு இவ்வளவு. விழாத ராத்திரிக்குக் காசு கிடையாது.

கிட்டியைவிட மலிவாகவும் வழிகள் இருக்கின்றன. மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து வயலைச் சுற்றிக் ‘கரண்டு வைப்பது’ அதில் ஒன்று. சட்டப்படி குற்றம். எலிக்கு வைத்த கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போனவரே செத்த செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று மருந்து. 49 பங்கு பொரி, கருவாட்டுக்கு ஒரு பங்கு ஜிங்க் பாஸ்பைடு என்பது பழைய கணக்கு. எலி எடுத்த எடுப்பில் வயிறு நிறையத் தின்னாது. கொஞ்சம் கடித்துப் பார்க்கும். சாகாமல் உடம்புக்கு முடியாமல் போனால், பிறகு அந்தப் பக்கமே திரும்பாது. அதனால் முதல் சில நாள் மருந்தில்லாத வெறும் இரை வைத்துப் பழக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் புரோமடியலோனுக்குப் போகிறார்கள். அது ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலி கூகைக்குச் சுலபமான இரை. எலிக்குள் இருக்கிற மருந்து கூகைக்கும் போகும்.

இங்கேதான் டெக்சாஸ்காரர் பட்டியல் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. அவர்கள் சுடுவது இரைகொல்லியை. ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று அமெரிக்க மத்திய அரசின் துறையே சில வருடங்களில் 60,000-க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. அப்படியும் அது குறையவில்லை. நாடு முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரில் இரைகொல்லிதான் விவசாயியின் கூட்டாளி. கூகை, சாரைப்பாம்பு, நரி மூன்றும் கூலி கேட்காமல் எலி பிடித்தவை. நரியைப் போலவே ஊளையிட்டு அதைப் பக்கத்தில் வரவழைக்கிற வித்தை நரிக்குறவர்களுக்குத் தெரியும்; வாயால் ஊதுகிற ஊதலுக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றே. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை குற்றமாகிவிட்டது. நரியைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த ஊளையைக் கற்றவர்களுக்கு மாற்றாக என்ன கொடுத்தோம் என்பது வேறு கணக்கு. கொடியக்கரைப் பக்கம் நரி இன்னும் இருக்கிறது. எங்கள் ஊர்த் திடலில் தாத்தா காலத்தில் கேட்ட ஊளையை நான் கேட்டதில்லை. சாரையை இன்றைக்கும் பார்த்த இடத்தில் அடித்துவிட்டு, மறுவாரம் எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம்.

அதனால் வயலில் ‘டி’ மாதிரி குச்சி நட்டுப் பறவைத் தாங்கி வைப்பதையும் ஆயுதக் கணக்கில்தான் சேர்ப்பேன். வரப்பைச் சிறிதாக்குவதும் அப்படித்தான். ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் போனால் எலிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிறது. அப்பா இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. சைக்கிள் போகாத வரப்பு அவருக்கு வரப்பே இல்லை.

எல்லாம் செய்தாலும் தனியாகச் செய்தால் வீண். எலிக்குப் பட்டா தெரியாது. மூன்று வாரத்தில் குட்டி போடுகிற ஜீவனை ஒரு பங்கில் மட்டும் பிடித்தால், பக்கத்துப் பங்கிலிருந்து வந்து காலி வளையில் குடியேறிவிடும். தண்ணீர் இல்லாத கோடையில், வயலெல்லாம் காய்ந்து எலி வரப்பில் மட்டும் ஒதுங்கியிருக்கும்போது, ஊரே சேர்ந்து பிடித்தால்தான் பலன். ஆனால் கோடையில் யாருக்கும் எலி ஞாபகம் வருவதில்லை. பயிர் கடிபட்ட பிறகு ஐப்பசி, கார்த்திகையில்தான் அவருக்குப் போன் போகிறது. ஒரே வாரத்தில் நாலு ஊர் கூப்பிடும். மற்ற மாதங்களில் அவருக்கு நூறுநாள் வேலையும் சித்தாள் வேலையும்.

அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "அவனுக்குக் கிட்டி கட்டத் தெரியும் தம்பி, வைக்கத் தெரியாது" என்றார். இந்த வருடம் எங்கள் வாய்க்காலில் பாயும் ஏழு பங்குக்காரர்களிடம் பேசியிருக்கிறேன். பங்குனி, சித்திரை இரண்டு மாதத்துக்கு, எலி விழுந்தாலும் விழாவிட்டாலும் அவருக்கு நாள் கூலி, அவரோடு நடக்க இரண்டு பையன்கள் என்று திட்டம். ஐந்து பேர் சரி என்றார்கள். ஒருவர் மருந்தே போதும் என்கிறார். இன்னொருவர், "சும்மா வரப்பச் சுத்துறதுக்கு எதுக்கு நாள் கூலி?" என்று கேட்டார். அவரைத்தான் இந்த மாசியில் ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.