படிக்கல் தேயக் கூடாது

காய்ப்புழுவைத் தின்ன வைப்பது பெரிய காரியமில்லை. அதன் அந்துப்பூச்சியை இணைசேர வைப்பதுதான் வேலை. பருத்தி, கொண்டைக்கடலை, துவரை, தக்காளி எதையும் விட்டுவைக்காத ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவைச் சொல்கிறேன். பழைய பெயர்ப் பழக்கத்தில், ஆய்வகத்தில் இதை வளர்க்கும் எங்களில் பலர் இன்னும் ‘ஹீலியோதிஸ்’ என்றுதான் சொல்வோம்.

புழுவுக்குத் தனிச் சமையல் உண்டு. கொண்டைக்கடலை மாவையும் ஈஸ்ட்டையும் அகரோடு சேர்த்து, சூடு தணிந்த பிறகே வைட்டமின்களைக் கலக்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் வைட்டமின் சி வீண். சுமார் மூன்று நாளில் பொரிக்கும் குஞ்சுப்புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். இரண்டாம் வளர்ச்சிப் பருவம் வரை கூட்டமாக விடலாம். மூன்றாம் பருவத்துக்கு வந்ததும் ஒன்றையொன்று கடித்துத் தின்னத் தொடங்கும். அதற்குள் தட்டில் குழிக்கு ஒரு புழுவாகப் பிரித்துவிட வேண்டும்.

வழக்கமாக ஆறு பருவம். இரண்டு மூன்று வாரத்தில் புழு தீனியை விட்டு, உடல் சுருங்கி, மறைவிடம் தேடி அலையும். வயலில் என்றால் மண்ணுக்குள் இறங்கும், இங்கே வெர்மிகுலைட்டுக்குள். கூட்டுப்புழுவின் தோல் இறுகிச் செம்பழுப்பு நிறம் வரும் வரை கை வைக்கக் கூடாது. பிறகு நுண்ணோக்கியில் வால் பக்கம் பார்ப்போம். பிறப்புறுப்புத் துளையின் கீற்று எட்டாம் வயிற்றுக் கண்டத்தில் இருந்தால் பெண், ஒன்பதாவதில் இருந்தால் ஆண். அடுத்தது எடை. நன்றாகத் தின்ற கூட்டுப்புழு 300 மில்லிகிராமைத் தாண்டும். எடை தலைமுறைக்குத் தலைமுறை இறங்கினால், சாவு எண்ணிக்கை ஏறுவதற்கு முன்பே கல்ச்சர், அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் கூட்டம், சரியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கூண்டில் செம்பழுப்புப் பெண்களும் பச்சை கலந்த சாம்பல் நிற ஆண்களும் பகல் முழுக்கத் துணிமடிப்பில் ஒட்டிக் கிடக்கும். குடிக்கப் பஞ்சில் நனைத்த தேன் கரைசல். இருட்டியபின் பெண் அடிவயிற்று நுனியை நீட்டி இனக்கவர்ச்சி வாசனையை விடும். வயலில் இனக்கவர்ச்சிப் பொறிக்குள் வைக்கிறார்களே, அது இந்த வாசனையின் நகல்தான். அறையின் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். காற்று காய்ந்துவிட்டால் பூச்சிகள் பறக்கும், தேன் குடிக்கும், ஆனால் இணைசேராது.

இதில் ஏமாறுவது எளிது; இணைசேராத பெண்ணும் முட்டையிடும். துணி நிறைய முட்டை இருந்தும் பொரிக்கும் முட்டையைப் போல ஒன்றுகூடக் கறுக்காமல் சுருங்கிப்போகும். அப்போது செத்த பெண் பூச்சிகளைப் பிளந்து பார்ப்போம். ஒவ்வொரு சேர்க்கையிலும் ஆண் ஒரு விந்துப்பொதியைப் பெண்ணின் உடலுக்குள் விட்டுச் செல்லும். பொதிகளை எண்ணினால் எத்தனை முறை கூடியது என்று தெரிந்துவிடும். ஒன்றும் இல்லையென்றால் அறையைச் சரிபார்க்க வேண்டும். பொதி இருந்தும் முட்டை பொரியவில்லையென்றால் வம்சத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு கவனம் ஒரு பூச்சிக்கு ஏன்? 1987இல் ஆந்திரப் பருத்தி வயல்களில் காய்ப்புழு பெருகியபோது, செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் அதனிடம் எடுபடவில்லை. எதிர்ப்புத்திறன் எவ்வளவு என்று சொல்ல ஒப்பீடு வேண்டும். வயல் புழுவில் பாதியைக் கொல்லும் அளவை, மருந்தே படாமல் பல தலைமுறை வளர்ந்த ஆய்வகப் புழுவில் பாதியைக் கொல்லும் அளவால் வகுக்கிறோம். 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு அதன் நச்சுப் புரதத்துக்கும் இதே கணக்குதான். ஆய்வகப் புழு எங்களுக்குப் படிக்கல். படிக்கல் தேய்ந்திருந்தால் எதை நிறுத்தாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

தேய்வது எப்படி? நாங்கள் வளர்க்கிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் பொறுக்குகிறோம். கடலை மாவைத் தின்னாத புழு செத்துவிடுகிறது. கூண்டுக்குள் கூடாத பூச்சிக்கு வாரிசு இல்லை. மெதுவாக வளர்வதைத் தட்டு கழுவும் நாளில் கொட்டிவிடுகிறோம். சில தலைமுறையில் மிஞ்சுவது கூண்டுக்கென்றே ஆன, உறவுக்குள்ளேயே கூடிய கூட்டம். வயல் பூச்சிகளைக் கலந்து ரத்தம் மாற்றலாம். ஆனால் ஒப்பீட்டுக் கல்ச்சரில் கலந்தால் எதிர்ப்பு மரபணுவும் கூடவே வரும். அதனால் அதை மட்டும் தனி அறையில், பெரிய கூட்டமாக வைத்திருப்போம். மற்றக் கல்ச்சர்களுக்குப் புதுவரவு உண்டு, தனிமைக் காவலோடு. வயலில் பிடித்த புழுவிலிருந்து சில நேரம் கேம்போலெடிஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி வரும். சில நேரம் புழு தலைகீழாகத் தொங்கி உடல் கூழாகும், என்.பி.வி. வைரஸ். முட்டைத் துணியை நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் அலசாமல் அடுத்த தலைமுறையைத் தொடங்குவதில்லை.

மருந்துச் சோதனையில் மருந்து படாத புழுக்களும் சில சாகும். அந்தச் சாவைக் கழிக்க 1925இல் அபட் என்பவர் ஒரு சூத்திரம் தந்தார். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது செத்ததைத்தான் கழிக்கும். உயிரோடு இருந்து, நலிந்துபோய், பாதி மருந்துக்கே சாகத் தயாராக நிற்கும் புழுவைக் கழிக்கச் சூத்திரம் இல்லை. ‘பத்து மடங்கு எதிர்ப்பு’ என்று ஓர் அறிக்கை வந்து, அதை நம்பி ஒரு விவசாயி மருந்தை மாற்றுகிறார் என்றால், அந்தப் பத்தில் எவ்வளவு வயலுடையது, எவ்வளவு எங்கள் கூண்டின் பலவீனம் என்று கேட்க வேண்டும். பதில் கூட்டுப்புழு எடை, பொரிப்பு சதவீதம் எழுதிய வளர்ப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அறிக்கையோடு அந்தப் பக்கத்தையும் இணைத்து அனுப்புவதை வழக்கமாக்க வேண்டும்.