குதிக்கும் முள்: அத்திப்பட்டுப் பட்டறைகளில் ஒரு கைநுட்பம்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் பாதையில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே அமைந்துள்ள அத்திப்பட்டு, வடசென்னை அனல்மின் நிலையத்துக்கும் 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கும் (இன்றைய காமராசர் துறைமுகம்) அண்டை ஊராதலால், அங்குள்ள வாகனப் பட்டறைகளுக்கு முதல் வருமானம் கன்டெய்னர் டிரெய்லர்களாலும் டிப்பர் லாரிகளாலுமே கிடைக்கிறது. ஆயினும் அந்தக் கனரக வேலைகளுக்கு இடையே, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 போன்ற பழைய கார்களையும் ஏற்றுக்கொள்ளும் சிறு பட்டறைகள் உள்ளன. அவற்றில் செய்யப்படும் வேலைகளுள் மிகக் குறைந்த கூலியும் மிக நுண்ணிய கவனமும் கொண்டது, வேகமானியின் குதிக்கும் முள்ளைச் சீர்செய்வதாகும்.

பட்டறைக்காரர்கள் 'மீட்டர் முள்ளு ஆடுது' என்று சுருக்கமாகக் குறிப்பிடும் இக்கோளாறில், வண்டி சீரான வேகத்தில் சென்றாலும் முள் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையே துள்ளுகிறது; வேகம் கூடும்போது துள்ளல் அடங்கி, வேகம் தணிந்ததும் மீண்டும் தலைகாட்டுகிறது. இதைப் புரிந்துகொள்ள அக்கருவியின் அமைப்பை அறிய வேண்டும். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற தத்துவமே இந்தப் பழைய கார்களிலும் இயங்குகிறது. கியர்பாக்ஸில் உள்ள சிறு பல்சக்கரம், எஃகுக் கம்பிகளை நெருக்கமாகச் சுற்றி முறுக்கிய ஒரு வளையும் தண்டைச் சுழற்றுகிறது. 'இன்னர்' எனப்படும் இத்தண்டு, 'அவுட்டர்' எனப்படும் உறைக்குள் சுழன்று, டேஷ்போர்டில் உள்ள மீட்டரின் காந்தத்தைச் சுழலச் செய்கிறது. காந்தத்தை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. சுழலும் காந்தப்புலம் அதில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதனால் எழும் விசை கிண்ணத்தைத் தன்னுடன் இழுக்க முயல, மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்த்துப் பிடிக்கிறது. இவ்விரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது.

ஆகவே காந்தம் சீராகச் சுழன்றால் முள்ளும் சீராக நிற்கும். இன்னர் உலர்ந்தோ, துருவேறியோ, எங்கேனும் மடிந்தோ இருந்தால், கியர்பாக்ஸ் முனை சுழன்றுகொண்டிருக்க மறுமுனை உறையில் சிக்கித் தயங்குகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது ஏறுவதுபோல் தண்டில் முறுக்கு ஏறி, தாங்காத நிலையில் சட்டென விடுபட, காந்தம் ஒரு கணம் வேகமாகப் பாய்ந்து முள்ளைத் தூக்கியடிக்கிறது. கோளாறு கண்ணுக்குத் தெரிவது மீட்டரில். அது பெரும்பாலும் பிறப்பதோ கேபிளில். உப்புக்காற்றும் நிலக்கரித் தூசியும் மிகுந்த இந்தப் பகுதியில், உறை கிழிந்த கேபிள் நெடுநாள் தாங்குவதில்லை.

அத்திப்பட்டுப் பட்டறை ஒன்றில் காணப்பட்ட வேலைமுறை, இந்த அறிவு ஏட்டிலன்றி விரல்களில் தங்கியிருப்பதைத் தெளிவாக உணர்த்தியது. உதவியாளர் மீட்டரையே மாற்றிவிடலாமா என்று கேட்டபோது, 'மீட்டர்ல கை வைக்காத தம்பி, மொதல்ல கேபிளக் கழட்டு' என்பதே மூத்த மெக்கானிக்கின் விடையாக இருந்தது. உறையிலிருந்து உருவிய இன்னர் மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கப்பட்டது. பின்னர் அதன் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, நடுப்பகுதி வளைந்து தொங்குமாறு விட்டு, ஒரு முனையை விரலிடுக்கில் மெதுவாக உருட்டினார் அவர். நல்ல தண்டாயின் மறுமுனை தயங்காமல் உடன் சுழலும். மடிப்பு விழுந்த தண்டாயின் சற்று நின்று, பின் துள்ளும். சாலையில் முள் காட்டிய அதே துள்ளலை விரல்நுனியில் வாங்கிக்கொள்ளும் இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை என்பதும், பிழைபட்ட தீர்ப்புக்கு அது இடம் தருவது மிக அரிது என்பதும் வியக்கத்தக்கன. மடிந்த இன்னரை நிமிர்த்திப் பயனில்லை. புதியதே போட வேண்டும்.

கிரீஸ் இடுவதில்தான் அனுபவம் வெளிப்படுகிறது. மெல்லிய பூச்சாக, கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு மட்டுமே அது தடவப்படுகிறது. மீட்டரை ஒட்டிய பகுதி உலர்வாகவே விடப்படுகிறது. திருகுபோல் சுற்றப்பட்ட கம்பிகள் சுழலும்போது மிகையான எண்ணெயை மேலேற்றி மீட்டருக்குள் சேர்க்கும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் எண்ணெய் புகுந்தால் முள் உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணத்துடன் தாராளமாக எண்ணெய் விடும் உரிமையாளர்களே பல மீட்டர்களைக் கெடுத்துவிடுகின்றனர். கேபிளைத் திரும்பப் பொருத்தும்போது, அது எங்கும் கூர்மையாக வளையாமலும், கிரீஸை உலர்த்திவிடும் புகைக்குழாயின் வெப்பத்துக்கு அருகே செல்லாமலும் பார்த்துக்கொள்கின்றனர்.

கேபிள் பழுதற்றது எனத் தெரிந்த பிறகே சந்தேகம் மீட்டரின் மீது திரும்புகிறது. முள் துள்ளாமல், ஆனால் தொடர்ந்து தவறான வேகத்தைக் காட்டினால் சுருள்வில்லோ காந்தமோ தளர்ந்திருக்கலாம்; முள்ளும் கிலோமீட்டர் எண்களும் ஒருசேர நின்றுவிட்டால் இன்னர் அறுந்திருக்கலாம், அல்லது பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. மின்னணு உணரிகள் கேபிளின் இடத்தைப் பிடித்துவிட்டன. எனினும் பழைய கார்கள் ஓடும்வரை இந்த வேலைக்குத் தேவை இருக்கும். பட்டறைச் சீட்டில் கேபிளின் விலையும் கிரீஸின் விலையும் எழுதப்படுகின்றன. கோளாறைக் கண்டறிந்த விரல்களுக்கு அங்கே தனி வரி இல்லை, இது நியாயமன்று. முள் குதிக்கத் தொடங்கியதும் புதிய மீட்டர் தேடிச் சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்கு விரைவதற்கு முன், உரிமையாளர்கள் கேபிளைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மீட்டர் வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கையேனும் அந்த மெக்கானிக்கின் கூலியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.