ஆட்டக்களத்தில் ஓர் ஆசிரியர்

உதைபந்தாட்டத்தைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையொன்றில் எழுதுவதற்கு நியாயம் கற்பிக்க வேண்டிய நிலை இன்றும் இருக்கின்றது. நாட்டுக்கூத்தைப் பற்றி எழுதினால் எவரும் காரணம் கேட்பதில்லை. ஆயின் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமங்களிலும், கொல்கத்தாவின் திறந்தவெளிகளிலும், மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் முன்றல்களிலும் உழைத்துக் களைத்த மக்கள் கூடிநின்று ஆரவாரிக்கும் ஒன்றைப் பண்பாட்டுக்குப் புறம்பானது என ஒதுக்குவோரின் வாதம் எமக்கு விளங்குவதில்லை. பேராதனையில் தமிழ் கற்ற நாம் காவியத் தலைவர்களைப் பற்றி ஏராளமாக எழுதிப் பழகியவர்கள். இம்முறை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எழுதுவோம்.

ஆடத் தெரிந்தவர் எல்லோரும் ஆட்டுவிக்கத் தெரிந்தவர் ஆவதில்லை. காலினாற் கற்ற வித்தையை வாயினாற் சொல்லிக் கொடுப்பது முற்றிலும் வேறொரு வித்தை. இதனை நன்குணர்ந்த மக்கள் சீனம் 1954ஆம் ஆண்டில் இளம் ஆட்டக்காரர் குழுவொன்றை ஹங்கேரிக்கு அனுப்பிப் பயிலச் செய்தது. அக்குழுவிற் சென்றவர்களுள் ஒருவரான நியன் வெய்சி பின்னாளில் தம் நாட்டுத் தேசிய அணிக்கே பயிற்றுவிப்பாளரானார். அங்கே ஓர் அரசு திட்டமிட்டு ஆட்டக்காரனை ஆசானாக்கியது. எமது துணைக்கண்டத்தில் அத்தகைய திட்டம் எதுவும் இருக்கவில்லை. ஹைதராபாத்திலே செய்யத் அப்துல் றஹீம் என்றொருவர் இருந்தார்.

றஹீம் 1909இற் பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கலைப் பட்டம் பெற்றவர். கல்லூரி நாள்களிற் சிறந்த ஆட்டக்காரர். உள்ளூர்க் குழுவான கமர் கழகத்துக்கும் ஆடியவர். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அவர் நாடிய தொழில் ஆசிரியத் தொழில். காச்சிகூடா நடுத்தரப் பள்ளியிலே தொடங்கி, தாருல் உலூம், சாதர்காட் முதலிய பள்ளிகள் வரை படிப்பித்தார். இடையிலே உடற்கல்வியிற் சான்றிதழ் பெற்று, பள்ளி விளையாட்டுக்களையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானவர், 1963இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். 1950 தொடக்கம் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுவிப்பாளரும் அவரே.

பதவிகளைப் பட்டியலிடுவதால் ஒரு மனிதரை அறிந்துகொள்ள முடியாது. அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்துச் சிறுவர்களுக்காக அவர் விசித்திரமான போட்டிகளை ஏற்படுத்தினார். ஒரு போட்டியில், எந்தக் கால் பலவீனமானதோ அந்தக் காலினால் மட்டுமே பந்தை உதைக்கலாம். இன்னொன்றில் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்தோடும் வித்தை அடியோடு விலக்கப்பட்டிருந்தது. ஒரு தொடுகை, மிஞ்சினால் இரண்டு, அதற்குள் பந்து தோழனிடம் சென்றுவிட வேண்டும்.

இதைச் சிறிது நின்று யோசித்துப் பார்த்தல் வேண்டும். அக்காலத்து இந்திய ஆட்டத்தின் அழகே தனியொருவன் பந்துடன் நெளிந்து வளைந்து செல்வதில்தான் இருப்பதாகக் கருதப்பட்டது. பார்ப்போர் கைதட்டியதும் அதற்கே. வாத்தியார் அந்தக் கைதட்டலைப் பறித்துவிட்டார். பந்து ஒருவனது சொத்தன்று, பதினொருவருக்கும் பொதுவானது என்பதை அவர் மேடையிலே பேசவில்லை. விதியாக எழுதி விளையாட விட்டார். வலக்காலின் வல்லமையிலே மிதந்த சிறுவன், இடக்காற் போட்டியிலே தடுமாறி விழுவதையும், நேற்றுவரை எவரும் கவனியாத இன்னொருவன் அங்கே முன்னுக்கு வருவதையும் கற்பனை செய்து பாருங்கள். நல்ல வகுப்பறையின் இலக்கணமும் இதுதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற அனுபவத்தில் நாம் இதைச் சொல்கின்றோம்: கெட்டிக்காரப் பிள்ளைக்கு மேலும் படிப்பிப்பது எளிது. அதற்கு வாத்தியாரே தேவையில்லை என்றுகூடச் சில வேளைகளில் எமக்குத் தோன்றுவதுண்டு.

பயன் விரைவிலே தெரிந்தது. நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. கல்கத்தாவின் பெருங் கழகங்கள் செல்வத்தாலும் செல்வாக்காலும் கோலோச்சிய காலம் அது. கான்ஸ்டபிள்களின் அணியொன்று அவர்களை அஞ்ச வைத்தது.

துளசிதாஸ் பலராமின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா என்ற சிற்றூரின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை அவர். றஹீமின் கண்ணில் பட்டு, ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரும்படி அழைக்கப்பட்டார். வருவதற்கு வழியில்லை. வாடகைச் சைக்கிள் எடுக்கவும் கையிற் காசில்லை. வாத்தியார் தம் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்து, சைக்கிள் பிடித்து வரச் சொன்னார் என்று பலராம் தம் முதுமையிலும் நினைவு கூர்ந்துள்ளார். மெல்பேர்ண், ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்கு ஆடிய பலராம் 2023ஆம் ஆண்டிற் காலமானார். திறமை எங்கும் பிறக்கின்றது. அதனை மைதானம்வரை கொண்டுவருவதற்குத்தான் ஒரு ரூபாய் தேவைப்படுகின்றது.

1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், றஹீமின் பயிற்சியில் ஆடிய இந்திய அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒரு கோலினால் வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் எமது கொழும்பிலே நான்கு நாடுகளின் போட்டியொன்று நடந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பிரிவினை முடிந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவ்விரு நாடுகளும் அமைதியாகப் பகிர்ந்துகொண்டவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று கொழும்பிலே கிடைத்தது என்பதில் எமக்குச் சிறு பெருமை உண்டு.

ஆனால் அவ்வாண்டே ஹெல்சிங்கியிற் பேரடி விழுந்தது. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. குளிர் மிகுந்த அந்நாட்டு மைதானத்தில் இந்திய ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஓடினர். வெறுங்கால் ஆட்டத்தைப் பற்றி ஒரு காதற் கதையே புனைந்து வைத்திருக்கின்றார்கள். 1948இல் லண்டனில் பிரான்சுக்கு எதிராக அவ்வாறே ஆடி, 2–1 என்ற கணக்கிலேயே தோற்றதால் அக்கதை வலுப்பெற்றது. சப்பாத்தின்றி வளர்ந்த கால், சப்பாத்தைச் சுமையாகக் கருதுவதில் வியப்பில்லை. ஆனால் வறுமையின் விளைவைத் திறமையின் அடையாளமாகக் கொண்டாடுவது, வறியவனுக்குச் செய்யும் உதவியாகாது. ஹெல்சிங்கிக்குப் பின் சப்பாத்து கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி, மறு ஆண்டு வெம்பிளியில் இங்கிலாந்தையே 6–3 என வீழ்த்தியது. முன்வரிசையின் நடு ஆட்டக்காரன் பின்னே இறங்கி வந்து பந்தைப் பகிரும் அந்தப் புது முறையை றஹீம் கூர்ந்து கற்றார். தம் மாணவர்களை அதற்கேற்பத் திருத்தியமைத்தார்.

1956இல் மெல்பேர்ண். இந்தியாவின் முதல் எதிரி அதே ஹங்கேரியாக இருந்திருக்க வேண்டும். அந்நாட்டில் மூண்ட கொந்தளிப்பினிடையே அதன் உதைபந்தாட்ட அணி வரவில்லை. காலிறுதியில் அவுஸ்திரேலியாவை 4–2 என வென்றது இந்தியா. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் அரையிறுதியை அடைந்த முதல் ஆசிய நாடு என்ற பெயர் இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய அணி இம்முறை முதற் கோலைத் தானே போட்டது! 4–1 எனத் தோற்றாலும், அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு வாத்தியார் செய்த வேலை அவ்வொரு கோலில் தெரிந்தது. ரோமாபுரியில் 1960இல் ஹங்கேரியுடன் 2–1 எனத் தோற்று, பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்து திரும்பினர்.

றஹீமின் வாழ்வில் உச்சமாக அமைந்தது ஜகார்த்தா, 1962. அப்போது அவர் உடல்நலம் குன்றியிருந்தது. சுவாசப்பைப் புற்றுநோய். ஆட்டக்களத்துக்கு வெளியே இன்னொரு நோய் பரவியிருந்தது. இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசிய அரசு விழாவிற் சேர்க்கவில்லை; இந்திய விளையாட்டுத்துறை அதிகாரி ஜி. டி. சோந்தி இதனைக் கண்டித்தார். ஜகார்த்தாவிலே இந்தியாவுக்கு எதிராகக் கோபம் கிளம்பி, இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. அரசியலார் பேசிய பேச்சுக்கு ஆட்டக்காரர் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. இறுதி ஆட்டத்தன்று செனாயன் மைதானத்தை நிறைத்த பெருங்கூட்டம் இந்திய அணியை இகழ்ந்து கூக்குரலிட்டது. அந்தப் பேரிரைச்சலினிடையே தங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் என்று இந்திய ஆட்டக்காரர் பின்னாளிற் சொல்லியிருக்கின்றனர்.

எதிரணி தென் கொரியா; முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை 2–0 என வென்ற அணி. றஹீமிடமோ நிறைந்த அணி இல்லை. பின்வரிசையின் தூணான ஜர்னைல் சிங் தலையிற் காயம்பட்டுத் தையல் போட்டிருந்தார். வேறொருவராயின் அவரை ஓய்வுக்கு அனுப்பியிருப்பார். றஹீம் அவரை முன்வரிசையின் நடுவே நிறுத்தினார். கோல் காவலிலும் மாற்றம்: அரையிறுதிவரை காத்த பர்மனுக்குப் பதிலாக நெடிதுயர்ந்த பீற்றர் தங்கராஜ் இறங்கினார். செப்ரெம்பர் 4ஆம் திகதி. பதினேழாவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிடங்களின் பின், தலையிற் கட்டுடன் நின்ற ஜர்னைல் சிங் இன்னொரு கோல். ஆட்டம் முடியுந் தறுவாயிற் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2–1. பலவீனமான காலால் ஆடச் சொல்லிப் படிப்பித்தவர், காயம்பட்ட அணியைக் கொண்டு தங்கம் வென்றார்.

அடுத்த ஆண்டு யூன் 11ஆம் திகதி அவர் மறைந்தார். அறுபது ஆண்டுகளாக ஹைதராபாத்துக்கு வெளியே அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். 2024இல் ‘மைதான்’ என்ற ஹிந்திப் படம் வந்தபின்தான் எமது ஆசிரியர் அறையிலேயே அவரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. திரைப்படத்துக்கு நன்றி, ஆனாற் படத்திலே வரும் ஆவேசத்தைவிட அந்த இடக்காற் போட்டிதான் எமது மனத்தை அதிகம் ஈர்க்கின்றது.

றஹீமின் வழியிலே தமிழரும் உண்டு. ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த தமிழகத்துச் சைமன் சுந்தரராஜ் பின்னர் பயிற்றுவிப்பாளராகி, 1973இற் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றபோது அவ்வணியை வழிநடத்தினார். எமது நாட்டை எடுத்துக்கொண்டால், டாக்காவின் அபாஹனிக் கழகத்துக்கு ஆடிப் புகழ்பெற்ற நிஸாம் பக்கீர் அலி இலங்கைத் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார். 2019இல், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின், மக்காவ் அணி கொழும்புக்கு வர மறுத்ததும், ஆட்டம் இலங்கைக்கு வெற்றியாக வழங்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். நாடே துயரிற் கிடந்தபோது, ஆடாமலே ஓர் அணி முன்னேறியது. அத்தகைய வெற்றியை எந்தப் பயிற்றுவிப்பாளரும் விரும்பியிருக்கமாட்டார்.

நாம் இதை எழுதுவது ஹந்தானை மலையடியிலிருந்து. கண்டி ரகர் நகரம். நித்தவெலைப் பக்கம் ஒரு சனிக்கிழமை மாலை போய்ப் பார்த்தால் அது விளங்கும். மேலே தேயிலை மலைகளின் லயங்களில் உதைபந்தே ஆட்டம். அங்கு சமதரை அரிது. பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டால் அதை எடுத்துவர ஒருவன் சரிவிலே இறங்கிப் போகவேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கும். அப்பிள்ளைகளுட் பலர் எமது வகுப்பில் இருக்கின்றனர். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளை கணக்குக்குப் போய்விடும். இது எமது பாடசாலையில் மட்டும் நடப்பதன்று. அணியின் தலைவனாக இருந்த ஒரு மாணவன், கொழும்பில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலைக்குச் சேருமுன் எம்மிடம் கேட்டான்: “சேர், வெளையாடி முடிச்சவங்க எல்லாம் அப்பறம் என்ன சேர் செய்வாங்க?” றஹீமின் கதையை நாம் அவனுக்குச் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவரு பட்டதாரி சேர்” என்றான்.

உண்மைதான். காலிலே வித்தை இருந்தாலும், கையிலே சான்றிதழ் இருந்தாற்றான் மைதானத்தின் ஓரத்தில் நின்று கட்டளையிட ஒருவருக்கு இடம் கிடைக்கின்றது. பயிற்றுவிப்பாளர் சான்றிதழுக்கான வகுப்புகளுக்குப் பணமும் வேண்டும், விடுப்பும் வேண்டும், ஆங்கிலமும் ஓரளவு வேண்டும். தாய் கொழுந்து பறிக்கும் வீட்டில் இம்மூன்றும் ஒருங்கே இருப்பதில்லை. அந்த ஒரு ரூபாயை இன்று யார் கொடுப்பது?

சென்ற தவணையில் நாமும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து இடக்காற் போட்டியொன்றை வைத்தோம். அணிக்கு எழுவர், வலக்காலாற் போட்ட கோல் செல்லாது. இயல்பிலேயே இடக்காலன் எவனும் வலக்காலால் ஆடவேண்டும். முதல் நாள் ஒரே சிரிப்பு. மூன்றாம் நாள், அணியில் என்றும் இடம்பெறாத எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு கோல் போட்டான். கொழும்புக் கடைக்குப் போன மாணவன் தைப்பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஊதுகுழலை அவனிடம் கொடுத்து நடுவராக நிறுத்தினோம். ஆட்டத்தின் நடுவே பத்துத் தடவையாவது நிறுத்தி, யார் எங்கே நிற்கவேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவரின் வேலை அதுவன்று என்று உடற்கல்வி ஆசிரியர் முணுமுணுத்தார். நாம் அவனைத் தடுக்கவில்லை.