புகையில்லாப் புகையும் போகாத கூச்சமும்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டியபொழுது, இலக்கணம் பற்றியோ தமிழ் மன்றத்தின் வரலாறு பற்றியோ எழுதுவேன் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதத் தக்க மூத்தோர் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் விழா மலருக்குச் சற்றே ஒவ்வாததாய்த் தோன்றலாம். புகைபிடிக்கும் மனிதன் பிறர் கண்ணுக்கு ஏன் கூசுகின்றான் என்பதும், புகையே இல்லாத இலத்திரனியல் சிகரட்டைக் கையிலெடுத்த பின்னரும் அக்கூச்சம் அவனை விட்டு ஏன் நீங்கவில்லை என்பதுமே அப்பொருள். விழாவை முன்னிட்டு இலண்டனிலிருந்து வந்திருந்த என் வகுப்புத் தோழன் ஒருவனோடு தை மாதத்திற் பத்து நாட் பழகியதன் பயன் இது. பெயரை எழுதலாம் என்று அவனே சொன்னான். வேண்டாமென்றவன் நான்.

கூச்சம் என்பது நல்ல சொல். வெயிலிற் கண் கூசுகின்றது. புளியங்காயைக் கடித்தாற் பல் கூசுகின்றது. விலாவிலே யாரேனும் விரல் வைத்தால் உடல் கூசுகின்றது. கண்ணும் பல்லும் தோலும் அறிந்த ஒன்றை மனத்துக்கு ஏற்றிச் சொன்னார்கள் நம் முன்னோர். நாணம் அதனின் வேறு. திருக்குறளில் நாணுடைமை 102ஆம் அதிகாரமாக நிற்கின்றது. தகாத செயலுக்கு நாணுவதையே வள்ளுவர் அங்கு நாணமெனக் கொண்டார். கூச்சத்துக்குச் செயல் தகாததாயிருத்தல் வேண்டுவதில்லை. பார்க்கும் கண் ஒன்றிருந்தாற் போதும்.

யாழ்ப்பாணத்தாராகிய நமக்குப் புகையிலை புதிதன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே நம் மண்ணின் புகையிலை திருவிதாங்கூருக்குத் தோணியேறியது. 1945இல் இலவசக் கல்வி வருமுன்னர் என் பாட்டனார் கட்டிய பள்ளிச் சம்பளம் புகையிலைத் தோட்டத்தில் விளைந்த காசு. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் இலை சுற்றியவாறே உலகச் செய்தி கேட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இத்துணைப் பழகிய பொருளாயினும், அதனை யார் முன்னே புகைக்கலாம், யார் முன்னே ஆகாது என்பதற்கு எழுதாச் சட்டம் ஒன்று ஊரில் இருந்தது.

என் பெரியப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 62 வயதில், பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரும், தம்மைப் படிப்பித்த வாத்தியார் ஒழுங்கையால் வருவதைக் கண்டாற் பற்றவைத்த சுருட்டை உள்ளங்கைக்குள் மறைத்து, தோளிற் கிடந்த சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். வாத்தியாரோ 80ஐத் தாண்டியவர்; கண் மங்கியவர்; மூக்கு மங்காதவர். எங்கள் படலைக்கு இருபது யார் தொலைவிலேயே ஒருமுறை பலமாகச் செருமுவார். அச்செருமல் சுருட்டை மறைக்கக் கொடுத்த அவகாசம் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது வாத்தியாருக்கும் தெரியும். "என்ன தம்பி, தோட்டம் எப்பிடி?" என்று அவர் நின்று நிதானமாக வினாவ, உள்ளங்கை சுடச்சுட, முகம் சுளியாமல் மிளகாய்க்கன்றின் நிலைமையை இவர் விரித்துரைப்பார். சிறுவர்களாகிய நாங்கள் திண்ணையிலிருந்து சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

இதனைப் போலியொழுக்கம் என்று இகழ்வார் உளர். நான் இகழேன். இருவர் சேர்ந்து நடத்திய மரியாதை அது. ஒருவர் மறைக்க, மற்றவர் காணாதிருக்க, இருவர்க்கும் அதில் வேலை இருந்தது. ஆனால் அம்மரியாதை பெரியப்பாவின் நுரையீரலைக் காக்கவில்லை. 67 வயதில், இரவு முழுவதும் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே மூச்சுக்கு அலைந்து, அவர் இறந்தார்.

இனிப் புதுக் கருவிக்கு வருவோம். அமெரிக்காவிலே ஹேர்பேட் கில்பேட் என்பவர் புகையும் புகையிலையும் இல்லாச் சிகரட்டொன்றுக்கு 1963இல் காப்புரிமை கோரி 1965இற் பெற்றார். சந்தையில் அது எடுபடவில்லை. சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003இல் ஆக்கியதே இன்றுள்ளவற்றுக்கு மூலம். தாமும் பெரும் புகைஞரான அவர், தந்தையாரை நுரையீரற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். கருவியின் அமைப்பு எளியது: சிறு பற்றறி ஒன்று, கம்பிச் சுருள் ஒன்று, நிக்கொட்டின் கலந்த திரவம் சிறிது. இழுத்தவுடன் சுருள் சூடேறித் திரவத்தை நுண்டுளிகளாக்கி வாய்க்கு அனுப்பும். எரிதல் இன்மையாற் சாம்பலும் தாரும் காபனோரொட்சைட்டும் இல்லை. மனிதனைக் கட்டிப்போடும் நிக்கொட்டின் மட்டும் இருந்தபடியே இருக்கின்றது.

தமிழாசிரியனாகிய என்னை இடர்ப்படுத்தியது இதற்குரிய வினைச்சொல். சுருட்டை ஊரிற் 'பத்துவார்கள்'. பற்றுதல் என்பதன் பேச்சு வடிவம் அது. தீப் பற்றினாலன்றோ பற்றுதல்? சுருட்டுக் குடித்தல் என்பாரும் உளர். புகைத்தல் ஏட்டு வழக்கு. இங்கே தீயுமில்லை, புகையுமில்லை. ஆவி பிடித்தல் என்றாலோ, தடிமனுக்கு நொச்சியிலை அவித்துப் போர்வைக்குள் குந்தியிருப்பதே நினைவுக்கு வருகின்றது. தோழனிடம் கேட்டேன். "நாங்கள் சும்மா இழுக்கிறதெண்டுதான் சொல்லுறது" என்றான். பெயரே செவ்வையாக அமையாத செயலுக்கு முறைமை எங்ஙனம் அமையும்? யார் முன்னே இழுக்கலாம், யார் செருமவேண்டும் என்பதை இன்னும் எந்த ஊரும் வகுத்துக்கொள்ளவில்லை.

அரசுகளும் ஒருமனப்படவில்லை. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் புகையிலை சேர்ந்த இலத்திரனியல் சிகரட்டைத் தடைசெய்தன. சிங்கப்பூர் 2018இல் அதனை வைத்திருத்தலையே குற்றமாக்கிற்று. இந்தியா 2019இல் விற்பனையை முற்றாகத் தடுத்தது. இங்கிலாந்திலோ, பொதுச் சுகாதாரத் துறை 2015இல் இது சிகரட்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு தீங்கு குறைந்தது என மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டை மறுத்த மருத்துவரும் உளர். 2023இல் பத்து இலட்சம் புகைஞருக்கு இக்கருவியைக் கொடுத்துச் சிகரட்டை விடுவிக்கும் திட்டம் அங்கே அறிவிக்கப்பட்டது. ஓரிடத்துக் குற்றம் ஓரிடத்து மருந்து.

என் தோழன் அந்த மருந்தை உண்டவன். 1995 ஒக்டோபரில் வலிகாமம் பெயர்ந்தபொழுது அவனும் நானும் ஒரே சைக்கிளை மாறி மாறி உருட்டித் தென்மராட்சிக்குப் போனவர்கள். அக்காலத்தில் அவனுக்குச் சிகரட் வாடையே ஆகாது. 2002இல் இலண்டன் சென்று, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த குளிரிலே பழகிக்கொண்டான். நாளொன்றுக்கு 20 என்ற கணக்கில் 15 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2007 யூலையில் மூடிய பொது இடங்களிற் புகைத்தலாகாது என்ற சட்டம் இங்கிலாந்தில் வந்தபின், மழையில் கதவுக்கு வெளியே நின்று புகைத்திருக்கின்றான். "அதிலை வெக்கம் ஒண்டும் இல்லை மச்சான், பத்துப் பேர் சேர்ந்தெல்லே நனைஞ்சனாங்கள்" என்றான். பின்னர் இருமல் விடாமற் பிடித்தது. மருத்துவர் சொற்படி கருவிக்கு மாறினான். இருமல் நின்றது; மூன்றாம் மாடிக்கு நில்லாமல் ஏறுகின்றான்.

கூச்சம் அப்பொழுதுதான் தொடங்கியதாம்! இது எனக்கு வியப்பாயிருந்தது. தன்னைக் கொல்ல வந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலே தலைநிமிர்ந்து நின்றவன், அதிலிருந்து தப்புவித்த பொருளைச் சட்டைக் கைக்குள் ஒளிக்கின்றான். காரணம் கேட்டேன். வெண்மேகம் போல் முகத்தை மூடும் ஆவி ஒன்று; மாம்பழ வாசனை ஒன்று. பேருந்துத் தரிப்பிடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கின்றார்களாம். "சிகரட்டோடை நிண்டால் பெரிய மனிசன் மாதிரி. இதோடை நிண்டால் வாயிலை சூப்பி வைச்ச பிள்ளை மாதிரி" என்றான். அதற்கும் மேலாக, 13 வயது மகள் ஒருநாள், "அப்பா, பள்ளிக்கூட வாசலிலை அதை வெளியிலை எடுக்காதேங்கோ" என்றிருக்கின்றாள். அவள் பள்ளியிற் பிள்ளைகள் ஒளித்து வைத்துப் பிடிபடும் பொருள் அதுவே. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்கலாகாது என 2015 ஒக்டோபரிற் சட்டம் வந்தும், ஒருமுறை பாவித்து எறியும் வண்ண வண்ணக் கருவிகள் பிள்ளைகளின் பைகளுக்குட் புகுந்தமையால், 2025 யூனில் அவ்வகையையே தடைசெய்ய நேர்ந்தது. தகப்பனும் மகளின் வகுப்புத் தோழரும் ஒரே விளையாட்டுப் பொருளை ஒளிப்பவர்களாயினர்.

வந்த இரண்டாம் நாள் மாலை, பழைய மாணவர் கூட்டம் முடிந்து, மைதானத்துக்கு அப்பாலுள்ள மதகில் இருவரும் இருந்தோம். மாணவர்களாயிருந்த காலத்தில் நாம் இருந்த அதே மதகு. இருள் கவியும் நேரம். ஆளில்லை என்று நினைத்து அவன் ஓர் இழுப்பு இழுத்தான். அப்பொழுது என் பத்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் சைக்கிளிலிருந்து இறங்கி, "வணக்கம் சேர்" என்றான். தோழன் கையை மூடி, வாயையும் மூடிக்கொண்டான். பையன் நல்ல பண்புடையவன். அவனுக்கும் தனியே ஒரு வணக்கம் சொன்னான். பதில் வணக்கம் வார்த்தையாக வரவில்லை. இரு மூக்கினாலும் வெள்ளையாக வந்தது. மதகு முழுவதும் மாம்பழம் மணத்தது. பையன் சைக்கிளின் மணியைப் பார்த்தவாறே ஏறிப் போய்விட்டான். "பொடியன் கண்டிட்டானோ?" என்றான் தோழன். உண்மையைச் சொல்வதானால், அவனைக்காட்டிலும் எனக்கே உடல் கூசிற்று. புகையாத ஆசிரியன் புகையில்லாப் பொருளுக்கு அருகே இருந்ததற்கு இத்துணைக் கூச்சம் ஏன் என்று அன்றிரவு நெடுநேரம் நினைத்துக் கிடந்தேன்.

மறுநாள் பாடம் முடிந்தபின் அப்பையன் மேசையருகில் வந்து நின்றான். "சேர், அந்த அங்கிள் பிடிச்சது வேப்தானே?" அதன் வகையும் விலையும் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. கலாசாலையில் எமக்குக் கற்பித்த உளவியலில் இதற்கு வழி சொல்லப்பட்டதாக நினைவில்லை. ஒளியாமற் சொன்னேன்: அவர் நாளுக்கு 20 சிகரட் குடித்தவர், அதை விடுவதற்காக இதைப் பிடித்தவர், கால் முறிந்தவன் ஊன்றும் கட்டைபோல என்று எண்ணிக்கொள், கால் நன்றாயிருப்பவன் அதை ஊன்றப் பழகினால் நடையே கெடும், இதன் நெடுங்காலத் தீங்கு முழுவதும் இன்னும் அறியப்படவில்லை. பையன் தலையசைத்தான். பின்னர், "மருந்தெண்டால் ஏன் சேர் ஒளிச்சவர்?" என்று கேட்டான்.

"உன்னைக் கண்டதால்" என்றேன்.

சொன்ன பின்னர்தான் அதன் பொருள் எனக்கே விளங்கிற்று. பெரியப்பா கூசியது தம்மிலும் மூத்த கண்ணுக்கு. தோழன் கூசியது 13 வயது மகளின் கண்ணுக்கும் 15 வயது மாணாக்கன் கண்ணுக்கும். இளையோர் மூத்தோர்க்கு ஒளித்த காலம் போய், மூத்தோர் இளையோர்க்கு ஒளிக்கும் காலம் வந்திருக்கின்றது. இக்கூச்சம் அவனிடமிருந்து நீங்கவேண்டும் என்று நான் விரும்பவில்லை. பிள்ளைகள் முன்னே மேகம் விட்டுத் திரியும் கூச்சமற்ற மனிதனாக அவனைக் காண எனக்கு மனமில்லை.

ஆயினும் அது எவ்வளவு ஆபத்தானது என்பதை மூன்றாம் நாளே கண்டேன். சந்திக் கடையிற் பழைய தோழர் ஐவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். இருவர் கையிற் சிகரட் இருந்தது. இவனுக்கும் வேட்கை. சட்டைப் பைக்குட் கைவிட்டான், நால்வர் முகத்தைப் பார்த்தான், வெறுங்கையை எடுத்தான். பின் கடைக்காரரிடம் சிகரட் ஒன்று வாங்கினான். பெட்டியின் 80 வீதத்தை மூடிய நோய்ப்படம் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிகரட் பிடிக்கும் மனிதனைப் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது? ஆறாண்டுகளுக்குப் பின் பிடித்த முதற் சிகரட் என்று வீடு திரும்பும்பொழுது சொன்னான். மறுநாளும் ஒன்று பிடித்தான்.

அறிவுரை சொல்லத் தொடங்கினேன். 45 வயதுக்காரனுக்கு அது செல்லவில்லை. ஆகவே வேறொன்று செய்தேன். எங்கள் வீட்டுப் பின்விறாந்தையிற் கிணற்றடியைப் பார்த்தவாறு கதிரையொன்று போட்டேன். பிள்ளைகள் அப்பக்கம் போகாதபடி அவர்களின் மேசையை முன்னறைக்கு மாற்றினேன். மாலையில் அவன் வந்ததும், தேநீர் கொண்டு வருகின்றேன் என்று உள்ளே போய்விடுவேன். தேநீர் ஆயத்தமாகப் பத்து நிமிடம் செல்லும். முன்னரே ஆயத்தமாயிருந்தாலும் பத்து நிமிடம் செல்லும். திரும்பி வரும்பொழுது குசினி வாசலில் நின்று ஒருமுறை பலமாகச் செருமுவேன். அவன் அதற்குள் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கிணற்றடி வாழையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எஞ்சிய நாட்களில் அவன் சந்திக் கடைக்கு வரவில்லை.

அவன் புறப்படுவதற்கு முதல்நாள் என் தாயார் விறாந்தைப் பக்கம் வந்து, காற்றை ஒருமுறை முகர்ந்துவிட்டு, "ஆற்றை வளவிலையடா தை மாதத்திலை கறுத்தக்கொழும்பான் பழுத்திருக்கு?" என்றார். தோழன் எழுந்து நின்றான். கை பைக்குள்ளேயே இருந்தது. நான் வேலிக்கு அப்பாற் கையைக் காட்டினேன். அம்மா என்னையும் பார்த்து, அவனையும் பார்த்து, "பழுத்தால் நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.