முழங்கால் உயரம்

மலை பார்க்கப் போறம் எண்டு வீட்டில சொல்லிப்போட்டுத்தான் போன லீவில நாங்கள் அஞ்சு பேர் லக்கலவுக்கு பஸ் ஏறினோம். உண்மையில் போனது ஒரு துவக்கைப் பார்க்க.

விடுதியில் அப்போது எங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. 1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி ரிவோல்வரை இத்தாலியில் உபெர்ட்டி, பியெட்டா போன்ற கம்பனிகள் இன்றைக்கும் அச்சொட்டாகச் செய்து விற்கின்றன. அதைச் சுடுகிற வீடியோக்களை இரவிரவாகப் பார்த்தோம். ஆறு அறை. ஒவ்வொன்றிலும் கரிமருந்தை அளந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கிற நெம்புகோலால் அழுத்தி, மேலே கொழுப்புப் பூசி, பின்பக்கம் சின்னச் செம்புக் கேப்பை மாட்ட வேண்டும். கொழுப்புப் பூசாவிட்டால் ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்கும் பாயலாம். ஆறு வெடிக்கு இவ்வளவு வேலை! பிறகு ஒரே வெள்ளைப் புகை. அந்த ஆறுதலான வேலையில்தான் நாங்கள் மயங்கிப்போனோம்.

"அதே மருந்து போடுற துவக்கு எங்கட மாமாட்ட இருக்கு" எண்டான் எங்கட பட்ச் லக்கலப் பெடியன்.

ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தன. பனிக்குள்ளால பஸ் இறங்கினது.

மாமா துவக்கை மடியில் வைத்துக் காட்டினார். லைசன்ஸ் உள்ளது, வாய்வழியாக மருந்து அடைக்கிறது, எங்களில் கட்டையானவளின் தோளுக்கு வரும். 1848இல் டொரிங்டன் துவக்கு ஒன்றுக்கு வருடம் இரண்டரை ஷிலிங் வரி போட்டதும் மாத்தளைக் கலகத்துக்கு ஒரு காரணம். சோதனைக்கு எழுதிவிட்டு மறந்துபோன அந்த வரி அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. துவக்கில்லாவிட்டால் இங்கே வயல் பன்றிக்குத்தான்.

"ஒரு வெடி வைக்கச் சொல்லேன்டா." நண்பன் சிங்களத்தில் கேட்டான். மாமா சிரித்தார். மருந்து விளையாடுறதுக்கில்லை என்றார். துவக்கை உள்ளே வைக்க எழும்பியபோதுதான் அவருடைய வலது கால் மடங்காததைக் கண்டோம்.

கட்டுத்துவக்கு. ஒரு குழாய், அதே மருந்து, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. சட்டப்படி குற்றம், ஆனாலும் கட்டுகிறார்கள். பன்றியின் தோள் உயரத்துக்குக் கட்டினால், மனிசருக்கு அது முழங்கால். நாங்கள் வியந்த அளத்தல், அடைத்தல், இடித்தல் எல்லாம் இதிலும் உண்டு. பார்த்துச் சுடுகிற ஆள்தான் இல்லை. கட்டினவன் வீட்டில் நித்திரை.

யார் கட்டினதெண்டு மாமாவுக்குத் தெரியுமாம். பொலிசில் சொல்லவில்லை.

"ஏன் மாமா?"

"அவனுக்கும் வயல் இருக்குத்தானே."

அதற்குப் பிறகு இன்னொரு வசனமும் சொன்னார். நண்பன் அதை மொழிபெயர்க்கவில்லை. இரவு படுக்கும்போதுதான் சொன்னான்: கால் போகும் வரைக்கும் மாமாவும் கட்டினவர்தான். ஒருநாள் விடிய, தன்னுடைய கம்பியில் ஒரு நாய் செத்துக் கிடந்ததைப் பார்த்தும், அடுத்த இரவு திரும்பவும் கட்டினவராம். எங்களுக்கு அவரைப் பிடித்துவிட்டிருந்தது. அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் ஆற்றுக்கு ஒற்றையடிப்பாதையால் கூட்டிக்கொண்டு போனார். அவர் முன்னால், நாங்கள் வரிசையாகப் பின்னால். கல்லும் வேருமான பாதை, ஆனால் அவர் நிலத்தைப் பார்க்கவேயில்லை. இரண்டு பக்கப் பற்றையிலும் முழங்கால் உயரத்தை மட்டும் பார்த்துப் பார்த்து நடந்தார்.