மௌனம் எப்போது மோசடியாகிறது?

பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒருவர் தம் கறவைப் பசுவை விற்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்திய நாள் மாலையில் அவர் வேண்டுமென்றே பால் கறக்காமல் விட்டுவிடுகிறார். காலையில் வந்தவர் பருத்த மடியைக் கண்டு மயங்கி, கேட்ட விலையைக் கொடுத்து ஓட்டிச் செல்கிறார். இரண்டு நாள் கறந்து பார்த்த பிறகே உண்மை விளங்குகிறது. விற்றவரிடம் போய்க் கேட்டால், "நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே, எத்தனை படி கறக்கும் என்று நீங்களும் கேட்கவில்லையே" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். அவர் வாய் பொய் பேசவில்லை. மாட்டின் மடி பேசிவிட்டது.

இது மோசடியா, அன்றா? வணிகச் சட்டத்தின் மிகப் பழைய வினாக்களுள் இஃது ஒன்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழ்ந்துவரும் நம் மக்கள் இந்த வினாவுக்கு மூன்று விடைகளைக் கண்டிருக்கிறார்கள். பள்ளிவாசலில் ஓதிய ஃபிக்ஹு ஒரு விடை தந்தது. பிரெஞ்சு ஆட்சி கொண்டுவந்த சட்டம் மற்றொன்றைத் தந்தது. இன்று நடப்பிலுள்ள இந்தியச் சட்டம் வேறொன்றைத் தருகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏமாறாமல் இருக்க மட்டுமன்றி, ஏமாற்றாமல் இருக்கவும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் மார்க்கத்தின் விடை. மேலே சொன்ன உதாரணம் நாம் கற்பனை செய்ததன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்து அரபகத்தில் நடந்துவந்த தந்திரமே அது. ஆட்டின் மடியையும் ஒட்டகத்தின் மடியையும் கறக்காமல் தேக்கிவைத்து விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கி ஏமாந்தவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வழி வகுத்தார்கள். ஷாஃபியீ மத்ஹபு இந்த ஏற்பாட்டை அப்படியே ஏற்றது. ஹனஃபீ அறிஞர்கள் பரிகாரத்தின் வகையில் மாறுபட்டார்கள். செயல் தகாதது என்பதில் மாறுபடவில்லை. வாய் பேசாவிட்டாலும் கை செய்த வேலை பொய்யே என்பது இதன் கருத்து.

கடைத்தெருவில் தானியக் குவியலுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததும், மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருக்கக் கண்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி சொன்ன காரணம் பொய்யன்று. ஆயினும் நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவர்முன் வைக்கப்பட்ட கேள்வி. குறை நேர்வது குற்றமன்று. குறையைக் கீழே வைத்து நிறையை மேலே வைப்பதே குற்றம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள துணியொன்றை அக்குறையைச் சொல்லாமல் அவர்களுடைய கூட்டாளி மறதியாக விற்றுவிட, வாங்கியவர் யாரென்று தெரியாத நிலையில் அந்தப் பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தருமம் செய்துவிட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இரண்டாவது, பிரெஞ்சு விடை. 1819ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் அமலுக்கு வந்தன. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் அவரவர் வழக்கமே விடப்பட்டது. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு, விற்ற பொருளின் மறைந்த குறைகளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கியது. அவர் அக்குறையை அறியாதிருந்தாலும் பொறுப்பு உண்டு. அறிந்தே விற்றிருந்தால் விலையைத் திருப்பித் தருவதோடு நட்டத்தையும் ஈடுசெய்ய வேண்டும். நம் ஃபிக்ஹு நூல்கள் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையைப் பேசும் இடத்துக்கு இந்தச் சட்டம் மிகவும் நெருங்கி வருவதைக் காண்கிறோம்.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 1962இல் அவ்விணைப்பு சட்டப்படி நிறைவு பெற்றது. பின்னர் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. அவற்றுள் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் மோசடிக்கு 17ஆம் பிரிவில் இலக்கணம் சொல்கிறது. பொய்யென்று அறிந்தே சொல்வதும், அறிந்த உண்மையை முனைந்து மறைப்பதும், நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்களிப்பதும் மோசடியாம். ஆனால் வெறும் மௌனம் மோசடியன்று என்று அதே பிரிவு கூறுகிறது. அதற்கு அது தரும் உதாரணமும் ஒரு பிராணிதான். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் அதைப் பற்றி வாய் திறவாவிட்டால் அது மோசடியாகாது. வாங்குபவள் அவனுடைய மகளாய், அப்போதுதான் பருவ வயதை எட்டியவளாய் இருந்தால், சொல்லவேண்டிய கடமை அவனுக்கு உண்டு.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். சட்டம் மகளுக்கு மட்டும் தருகின்ற உரிமையை, மார்க்கம் சந்தைக்கு வரும் ஒவ்வோர் அந்நியனுக்கும் தருகிறது. நம் பசுவின் வழக்கு இந்திய நீதிமன்றத்துக்குப் போனால், கறக்காமல் விட்டது மௌனமா, முனைந்து செய்த மறைப்பா என்று வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். மறைப்பென்று மெய்ப்பித்தால் ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளலாம். வெறும் மௌனமென்று முடிவானால் வாங்கியவர் பாடு வாங்கியவரோடு. ஆகவே, "சட்டப்படி குற்றமில்லை" என்று நம்மவர் ஒருவர் சொல்லும்போது, அவர் பாதிக் கேள்விக்கே விடை சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தத்துக்கு வெளியேயும் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவன் வேண்டுமென்றே பிறனுக்கு இழைக்கும் தீங்குக்கு ஈடு கோரும் தீங்கியல் சட்டம் அது. 1789இல் இங்கிலாந்தில் பாஸ்லி என்பாருக்கும் ஃப்ரீமன் என்பாருக்கும் நடந்த வழக்கில், 'இவருக்குக் கடன் கொடுக்கலாம், நாணயமானவர்' என்று பொய்யாக உறுதி சொன்ன மூன்றாம் மனிதர், தமக்கு அந்த வியாபாரத்தில் ஒரு காசு இலாபம் இல்லாதபோதும், நட்டத்துக்குப் பொறுப்பாளி ஆகலாம் என்று தீர்ப்பாயிற்று. 1889இல் டெரிக்கும் பீக்குக்கும் நடந்த வழக்கில் பிரபுக்கள் சபை மேலும் விளக்கியது: நேர்மையாக நம்பிச் சொன்னது தவறிப்போனால் மோசடியன்று, ஆனால் உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் சொல்வதும் மோசடியே. இந்திய நீதிமன்றங்களும் இந்த வழியையே பின்பற்றி வருகின்றன.

இது நம் ஊர்ப் பெரியவர்களின் காதில் விழவேண்டிய செய்தி. 2006இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், வட்டியில்லாத ஹலால் இலாபம் என்று சொல்லி முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. மார்க்கம் கற்றவர் சிலருடைய நற்சொல்லும் அதற்குத் துணை நின்றது. 2019 ஜூனில் அது சரிந்தது. அதன் தலைவர் துபாய் சென்று, அடுத்த மாதம் டில்லியில் பிடிபட்டார். விசாரணை அமைப்புகள் சொன்ன தொகை ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். புகார் கொடுத்தவர்கள் பல்லாயிரவர். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகை, ஹஜ்ஜுக்கு ஒதுக்கிய பணம், வெளிநாட்டில் உழைத்தவர் அனுப்பிய மிச்சம் என்று எத்தனையோ அதிலே கரைந்தன. அங்கே தூண்டிலில் மாட்டப்பட்ட புழு ஹலால் என்னும் சொல்லே.

தொலைதூரத்துக் கதை என்று வில்லியனூர் வாசிகள் தள்ளிவிட முடியாது. அரியூரில் சர்க்கரை ஆலை நடத்திவந்த நியூ ஹொரைசன் நிறுவனம் புதுச்சேரி அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு, அந்த ஆலையோடு தொடர்புடைய ஒரு நிதி நிறுவனத்தில் போட்ட பணம் திரும்பாத மக்களிலிருந்தே பிறந்தது. முதலீட்டாளர் நலன் காக்கப் புதுச்சேரி 2004இல் இயற்றிய சட்டம், நிதி நிறுவனத்தின் சொத்தை மட்டுமன்றி, அதை நடத்தியவர்களின் சொத்தையும் பற்றுகை செய்ய இடம் தருகிறது. அச்சட்டம் செல்லும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆயினும் பற்றுகை, ஏலம், பங்கீடு என்று அந்தப் பாதை நீளமானது. முதியவர் பலருக்கு ஆயுளைவிட நீளமானது.

ஏமாந்தவர்கள் வெட்கத்தால் வாய் மூடியிருப்பது மோசடிக்காரனுக்கு இரண்டாம் இலாபம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், மோசடி தெரியவந்த நாளிலிருந்தே, அல்லது தக்க கவனத்தோடு இருந்தால் தெரியவந்திருக்கக்கூடிய நாளிலிருந்தே, காலத்தைக் கணக்கிடுகிறது. உரிமையியல் வழக்குக்குப் பெரும்பாலும் மூன்றாண்டே தவணை. இன்றைய நீதிச் சட்டத்தொகுப்பின் 318ஆம் பிரிவின்கீழ்க் காவல்துறையிடம் புகாரும் கொடுக்கலாம். இரண்டுக்கும் தேவைப்படுவது தாள்: ரசீது, கையொப்பம், தேதி. மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றைப் பார்ப்பதோடு நிற்காமல், நிலத்தில் யார் இருக்கிறார் என்று நேரில் போய்ப் பார்ப்பதும் சட்டம் எதிர்பார்க்கும் கவனமே.

கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று திருமறை அல்பகரா அத்தியாயத்தில் கட்டளையிடும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். "நம்மவரிடம் எழுத்து எதற்கு?" என்று கேட்பவர் அந்த வசனத்தின் நீளத்தையாவது எண்ணிப் பார்க்கட்டும். எழுதுவது அவநம்பிக்கையன்று, நம்பிக்கைக்கு இடும் வேலி. மத்யன் மக்களிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் அனுப்பப்பட்டபோது, ஏகத்துவத்தோடு கூடவே அளவையையும் நிறுவையையும் நேராக்கும்படி போதித்தார்கள். வணக்கமும் வாணிபமும் ஒரே போதனைக்குள் வந்தன.

விற்பவர் குறையைச் சொல்லி விற்கட்டும். பரிந்துரைப்பவர் அறிந்ததை மட்டும் சொல்லட்டும். வாங்குபவர் கேட்டு, எழுதி, வாங்கட்டும். இவ்வளவும் செய்தால் இலாபத்தில் சில ரூபாய் குறையலாம். பரக்கத்து குறையாது.